கோடரிக்குப் பின் ஏர்: வட விஸ்கான்சின் மரவெட்டு வட்டாரத்தில் குடியேறிகளின் வாழ்வும் சமூக வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கான்சின் மாநில வடபகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்நாட்டின் முதன்மையான மரவெட்டு வட்டாரங்களுள் ஒன்றாக விளங்கியது. காடு வெட்டப்பட்ட இடத்தில் உழவு தானே வேரூன்றும் என்னும் நம்பிக்கையில் அங்குப் பல்வேறு நாட்டு மக்கள் குடியமர்த்தப்பட்டனர். நாற்பது ஆண்டுகளுக்குள் அப்பண்ணைகளில் பல கைவிடப்பட்டன. 1933இல் அங்குக் குடியிருப்பதையே சில பகுதிகளில் சட்டம் தடுத்தது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. உழவு காட்டின் அழிவைத் தொடர்ந்து வளரவில்லை. காடு நின்றவரையே தானும் நின்றது என்பதை முகாம் வாழ்வு, பண்ணைப் பொருளாதாரம், நிலச் சட்டங்கள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஒஜிப்வே, மெனாமினி ஆகிய தொல்குடிகளின் வரலாறு இவ்விளக்கத்திற்குப் பின்னணியாகவன்றி அடிப்படையாகவே கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: வட விஸ்கான்சின், மரவெட்டு முகாம், குடியேற்றம், வெட்டொழி நிலம், ஒஜிப்வே, மெனாமினி, நிலப் பாகுபாட்டுச் சட்டம்

1. முன்னுரை

குடியேற்ற வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் எழுதப்படுகின்றன. முதலில் காடு, அடுத்து மரவெட்டிகள், அவர்களுக்குப் பின் உழவர், இறுதியில் ஊர், பள்ளி, கோயில். ஒவ்வொரு படியும் முந்தையதை விட உயர்ந்தது என்னும் எண்ணம் இவ்வரிசைக்குள் அடங்கியிருக்கிறது. வட விஸ்கான்சினில் இவ்வெண்ணம் 'கோடரிக்குப் பின் ஏர்' என்னும் பொருள்பட ஒரு வழக்காகவே நிலவியது. மர நிறுவனங்கள், நில விற்பனையாளர், மாநில அரசு, பல்கலைக்கழகம் ஆகிய நால்வகை அமைப்பினரும் இதனை நம்பினர். பிறரையும் நம்பச் செய்தனர்.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே பரவியுள்ள இவ்வட்டாரத்தில் சிப்பெவா, விஸ்கான்சின், உல்ஃப், செயின்ட் குரோய், மெனாமினி ஆகிய ஆறுகள் பாய்கின்றன. வெள்ளைப் பைன் மரங்கள் இங்கு மிகுதி. அம்மரம் நேராக ஓங்கி வளர்வது, அறுப்பதற்கு எளியது, நீரில் நன்கு மிதப்பது. மரம்வெட்டும் தொழில் ஆறுகளை ஒட்டி வளர்ந்ததற்கு இம்மூன்றாம் பண்பே காரணம். பைன் தீர்ந்த பின் எஞ்சிய அடிக்கட்டைகள் நிறைந்த நிலத்தை அவ்வட்டார மக்கள் 'கட்டோவர்' என்றனர். இக்கட்டுரையில் அது 'வெட்டொழி நிலம்' எனச் சுட்டப்படுகிறது.

2. காடு கைமாறிய வரலாறு

குடியேறிகள் வந்தபோது இந்நிலம் ஆளற்றுக் கிடக்கவில்லை. ஒஜிப்வே மக்கள் மேப்பிள் மரத்தில் பால் வடித்துச் சர்க்கரை காய்ச்சுதல், மீன்பிடித்தல், வேட்டை, ஏரிகளில் தானே விளையும் காட்டரிசியை அறுவடை செய்தல் எனப் பருவந்தோறும் இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். காட்டரிசியை அவர்கள் 'மனோமின்' என்பர். 'மெனாமினி' என்னும் இனப்பெயரும் இச்சொல்லிலிருந்து பிறந்ததே.

1837ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி ஒஜிப்வே மக்களின் நிலத்தில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் கைக்குச் சென்றது. பைன் மரத்தின் பொருட்டே செய்யப்பட்டமையால் அது 'பைன் ஒப்பந்தம்' என்றும் வழங்கப்படுகிறது. 1842ஆம் ஆண்டு லா பாயிண்ட் ஒப்பந்தம் சுப்பீரியர் ஏரியின் தென்கரையையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டு விளைபொருள்களைத் திரட்டவும் உள்ள உரிமையை ஒஜிப்வே மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

1850இல் அவர்களை மேற்கே அகற்றுமாறு குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. ஆண்டுத்தொகை வழங்கும் இடம் மின்னசோட்டாவிலுள்ள சாண்டி ஏரிக்கு மாற்றப்பட்டது. குளிர்காலத் தொடக்கத்தில் அங்குச் சென்று காத்திருந்தோருக்கு உணவும் தொகையும் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. அங்கும் திரும்பும் வழியிலுமாக ஏறத்தாழ 400 பேர் இறந்தனர். 1852இல் முதுமை எய்திய தலைவர் கெச்செவைஷ்கே வாஷிங்டன் சென்று முறையிட்டார். அதன் பின்னரே அகற்றும் முயற்சி கைவிடப்பட்டது. 1854ஆம் ஆண்டு ஒப்பந்தம் பேட் ரிவர், ரெட் கிளிஃப், லா கூடரே, லாக் டு ஃபிளாம்போ ஆகிய ஒதுக்கீட்டு நிலங்களை அம்மக்களுக்கு உரிமையாக்கியது.

இவ்வாறு பொதுநிலமான காடு யாரிடம் சென்றது என்பதும் எண்ணத்தக்கது. குடியேறும் உழவரை விடப் பெருமுதலாளரே அதில் முந்திக்கொண்டனர். 1862ஆம் ஆண்டு மோரில் சட்டம் கல்லூரிகள் நிறுவுவதற்காக மாநிலங்களுக்கு நிலச் சீட்டுகளை வழங்கியது. நியூயார்க் மாநிலத்திற்குரிய சீட்டுகளைக் கொண்டு எஸ்ரா கார்னெல், விஸ்கான்சினில் ஏறத்தாழ 5 இலட்சம் ஏக்கர் பைன் நிலத்தைத் தேர்ந்துகொண்டார். அதன் வருவாய் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மூலநிதியை வளர்த்தது. ஒஜிப்வே மக்களின் காடு தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மூலதனமாக மாறிய இந்நிகழ்வு, இக்காலத்து நிலக் கொள்கையின் போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது.

3. மரவெட்டு முகாமின் ஆண்டு வட்டம்

மரவெட்டுத் தொழில் குளிர்காலத்திற்கு உரியது. நிலம் உறைந்த பின்னரே கனத்த கட்டைகளைப் பனிச்சறுக்கு வண்டிகளில் இழுக்க முடியும். இலையுதிர் காலத்தில் ஆடவர் முகாமுக்குச் செல்வர். இளவேனிலில் பனி உருகும்போது வெளியேறுவர். முகாமில் உறங்கும் கூடம், சமையற்கூடம், குதிரை இலாயம், கொல்லன் பட்டறை ஆகியன இருந்தன. உறங்கும் கூடத்தில் இரண்டடுக்குப் பரண்களில் வைக்கோல் பரப்பிப் படுத்தனர். நடுவிலிருந்த அடுப்பின் மேல் ஈரக் காலுறைகளை உலர்த்தினர். உப்பிட்ட பன்றி இறைச்சி, அவரைப் பயறு, ரொட்டி, உலர்பழம், தேநீர் ஆகியவை அன்றாட உணவாயின. உண்ணும்போது பேசக்கூடாது என்பது பல முகாம்களின் விதி. சண்டை மூளாமல் தடுப்பதும், சமையற்காரரின் வேலை விரைந்து முடிவதும் அதன் நோக்கங்கள்.

வழியமைப்பதில் நுட்பமான தொழிலறிவு வெளிப்பட்டது. இரவில் நீர்த்தொட்டி பொருத்திய வண்டியை ஓட்டிப் பாதையில் நீர் வார்ப்பர். விடிவதற்குள் அது பனிக்கட்டிப் பாதையாக இறுகும். சமநிலத்தில் இரண்டு குதிரைகளே பெருஞ்சுமையை இழுக்க இது உதவியது. இறக்கத்தில் வண்டி கட்டுமீறி ஓடாதிருக்க வைக்கோலையோ மணலையோ தூவினர். இதில் நேர்ந்த சிறு பிழையும் குதிரையின் உயிரையும் வண்டியோட்டியின் உயிரையும் பறிக்கக்கூடியது.

கட்டைகளின் முனையில் உரிமையாளரின் அடையாளம் சுத்தியால் பதிக்கப்பட்டது. இளவேனிற் பெருக்கில் அவை ஆற்றில் விடப்பட்டன. முனையில் கூரும் கொக்கியும் கொண்ட நெம்புகோலுடன் தொழிலாளர் கட்டைகளின் மீதே நின்று அவற்றை வழிநடத்தினர். கட்டைகள் ஓரிடத்தில் சிக்கி மலைபோல் குவியும்போது, சிக்கலின் மூலக்கட்டையைக் கண்டு விடுவிக்க வேண்டும். விடுபட்ட நொடியில் கரையேறாதவர் உயிர்பிழைப்பது அரிது. கீழே ஆற்றுத்தடையில் கட்டைகள் அடையாளப்படி பிரிக்கப்பட்டு ஆலைகளுக்கு அனுப்பப்பட்டன. சிப்பெவா ஆற்றுக் கட்டைகளின் பெரும்பகுதி, 1870களிலிருந்து ஃபிரெடெரிக் வேயர்ஹாசர் தலைமையில் இணைந்த மிசிசிப்பி ஆற்று ஆலையாளரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

மரவெட்டியும் உழவனும் வெவ்வேறு மனிதர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. முகாம்களில் உழைத்தோருள் பலர் கோடையில் சிறு பண்ணை வைத்திருந்தவர்கள். ஒஜிப்வே ஆடவரும் முகாம்களிலும் ஆற்றுப் பணியிலும் கூலிக்கு உழைத்தனர். பண்ணையில் விளைந்த வைக்கோல், உருளைக்கிழங்கு முதலியவற்றை வாங்கியதும் முகாமே. பண்ணைக்குக் காசு காட்டிலிருந்தே வந்தது. ஏறத்தாழ ஆறு மாதம் கணவன் இல்லாத வீட்டில் கறவை, விறகு, குழந்தை வளர்ப்பு, பேறுகாலம் ஆகிய அனைத்தையும் பெண்களே தாங்கினர். முகாம் வரலாறு ஆடவர் வரலாறாகவே எழுதப்படினும், பண்ணையைப் பண்ணையாக வைத்திருந்தது பெண்களின் உழைப்பே.

4. தீயின் ஆண்டுகள்

வெட்டிய மரத்தில் நடுத்தண்டு மட்டுமே ஆற்றுக்குச் சென்றது. கிளையும் நுனியும் காட்டிலேயே காய்ந்து கிடந்தன. உழவர் நிலம் திருத்தத் தீ வைத்தனர். இருப்புப்பாதை அமைத்தோரும் அவ்வாறே செய்தனர். 1871ஆம் ஆண்டின் நெடிய வறட்சியில் இச்சிறு தீக்கள் பல இடங்களில் அணையாமல் புகைந்துகொண்டிருந்தன. அக்டோபர் 8 அன்று வீசிய பெருங்காற்றில் அவை ஒன்றுகூடிப் பெஷ்டிகோ என்னும் ஆலை ஊரை ஒரே இரவில் அழித்தன. இறந்தோர் தொகை 1,200 முதல் 2,500 வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. அவர்களை அறிந்தவர்களும் மடிந்ததாலும், பதிவேடுகள் எரிந்ததாலும் துல்லியமான கணக்கு அமையவில்லை. அடையாளம் காணவியலாத ஏறத்தாழ 350 பேர் ஒரே புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டனர். அதே இரவில் சிகாகோ நகரமும் எரிந்தமையால் நாட்டின் கவனம் அங்கே சென்றது. அமெரிக்க வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்ட காட்டுத்தீ, பொதுநினைவில் பின்தள்ளப்பட்டது.

தீக்குப் பின்னும் நடைமுறை மாறவில்லை. 1894இல் விஸ்கான்சினின் ஃபிலிப்ஸ் ஊரும், அண்டை மாநிலமான மின்னசோட்டாவின் ஹிங்க்லி ஊரும் எரிந்தன. ஹிங்க்லியில் மட்டும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீண்டும் மீண்டும் பற்றிய தீ, மண்ணின் மேலிருந்த மட்கையும் பைன் விதைகளையும் அழித்தது. இதனால் பல இடங்களில் பைன் தானே மீண்டும் முளைக்க வழியில்லாமற் போயிற்று.

5. வெட்டொழி நிலமும் அழைப்பு நூலும்

விஸ்கான்சினின் மர உற்பத்தி 1892இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டில் 400 கோடி பலகையடிக்கும் மேற்பட்ட மரம் அறுக்கப்பட்டது. ஓரடி நீளமும் ஓரடி அகலமும் ஓர் அங்குலக் கனமும் உடைய பலகை ஒரு பலகையடி ஆகும். அதன் பின்னர்ப் பைன் விரைந்து குறைந்தது. இருப்புப்பாதைகள் உட்காட்டை எட்டியதால், நன்கு மிதக்காத வன்மரங்களும், தோல் பதனிடப் பட்டை தரும் ஹெம்லாக் மரமும் வெட்டப்பட்டன. மரம் தீர்ந்த நிலத்திற்கு வரி செலுத்த விரும்பாத நிறுவனங்கள் அதனை உழவருக்கு விற்க முற்பட்டன.

இந்நிலையில் விஸ்கான்சின் பல்கலைக்கழக வேளாண் கல்லூரியின் தலைவர் வில்லியம் ஹென்றி, வீடு தேடுவோருக்கான வட விஸ்கான்சின் கையேடு ஒன்றை 1896இல் வெளியிட்டார். செழித்த பயிர்களின் நிழற்படங்களைத் தாங்கிய அந்நூல் அரசின் ஆதரவோடு பரப்பப்பட்டது. அவர் ஏமாற்றும் நோக்குடன் எழுதினார் எனக் கொள்வதற்கில்லை. மாநிலத்தின் தென்பகுதி கண்ட பால்பண்ணை வெற்றி வடக்கிலும் நிகழும் என அவர் மெய்யாகவே நம்பினார். ஆயினும் பல்கலைக்கழகத்தின் மதிப்பு நில விற்பனையாளரின் சொல்லுக்குச் சான்றிதழாக அமைந்தது. 'குளோவர்லாந்து', அதாவது தீவனப்புல் நாடு, என்னும் விளம்பரப் பெயரும் பின்னர் வழக்கிற்கு வந்தது.

1910களில் பென் ஃபாஸ்ட் என்பவரின் குடியேற்ற நிறுவனம் திட்டமிட்ட குடியிருப்புகளை அமைத்தது. சாயர் கவுண்டியில் அது உருவாக்கிய ஊருக்கு 'ஒஜிப்வா' என்றே பெயரிடப்பட்டது. நிலத்தை இழந்தோரின் பெயர், அந்நிலத்தை விற்பதற்கான விளம்பரப் பெயராயிற்று. அதே கவுண்டியில் 1920களின் தொடக்கத்தில் சிப்பெவா ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. லா கூடரே ஒஜிப்வே மக்களின் ஊர் ஒன்றும், காட்டரிசி வயல்களும், முன்னோர் புதைகுழிகளும் அந்நீர்த்தேக்கத்தில் மூழ்கின.

6. அடிக்கட்டையோடு போராட்டம்

குடியேறியவர் வாங்கியது பெரும்பாலும் 40 அல்லது 80 ஏக்கர். முதலில் மரக்கட்டைக் குடில். அதன்பின் அடிக்கட்டை அகற்றல். பைன் கட்டையின் வேர் எளிதில் மட்காது. தோண்டியும், எரித்தும், குதிரை பூட்டி இழுத்தும், வெடிவைத்தும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஓரிரு ஏக்கரையே திருத்த முடிந்தது. முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சிய வெடிமருந்து, பல்கலைக்கழகத்தின் வழியாக உழவருக்குக் குறைந்த விலையில் வழங்கப்பட்டது. கட்டையை அகற்றியபின் கற்கள் எழுந்தன. சில இடங்களில் வெறும் மணல். சில இடங்களில் சதுப்பு. உறைபனி இல்லாத நாள்கள் குறைவாதலின் மக்காச்சோளம் முற்றுவதற்குள் பனி விழுந்தது.

நிலம் முழுதும் திருந்தும் முன்பே கடன் தவணை வந்தது. அதுவரை குடும்பத்தைத் தாங்கியது முகாமின் குளிர்காலக் கூலி. ஆனால் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது கூலியும் நின்றது. வைக்கோலையும் கிழங்கையும் வாங்கும் சந்தையும் மறைந்தது. எந்தக் காடு அழிந்தால் உழவு செழிக்கும் எனக் கூறப்பட்டதோ, அந்தக் காடு அழிந்ததே உழவுக்கு இடராக முடிந்தது. வட்டாரத்தின் தென்விளிம்பில், மண் நன்றாக இருந்த பகுதிகளில், பால்பண்ணை நிலைபெற்றது என்பதையும் கூறவேண்டும். ஆனால் அவ்வெற்றி வட்டாரம் முழுமைக்கும் உரியதாகவில்லை.

7. சமூகம் உருவான முறை

ஜெர்மானியர், நார்வேயர், போலந்தியர், ஃபின்லாந்தியர், கென்டக்கி மலைப்பகுதியினர் எனப் பல பிரிவினர் இங்குக் குடியேறினர். அவர்கள் தனித்தனிக் குழுக்களாக வாழ்ந்தாலும் வைக்கோல் அறுவடை, களஞ்சியம் எழுப்புதல், கட்டை பிடுங்குதல் ஆகிய பணிகளில் உழைப்பை மாற்றிக்கொண்டனர். காசில்லாத பொருளாதாரத்தில் அண்டை வீட்டாரின் உழைப்பே சேமிப்பாக இருந்தது.

இவர்களுள் ஃபின்லாந்தியரின் வரலாறு தனித்துக் காணத்தக்கது. மிச்சிகன் செப்புச் சுரங்கங்களில் 1913–14இல் நடந்த வேலைநிறுத்தத்திற்குப் பின் வேலை மறுக்கப்பட்ட பலர், வேறு வழியின்றி வெட்டொழி நிலத்தை நாடினர். பலர் வீட்டுக்கு முன்பே நீராவிக் குளியல் மனையான சவுனாவைக் கட்டி அதிலேயே தங்கினர். குழந்தை பிறப்பதும் பெரும்பாலும் அங்கேயே. தொழிற்சங்க அனுபவம் பெற்ற அவர்கள் கூட்டுறவுக் கடைகளைத் தொடங்கினர். அவற்றின் மொத்தக் கொள்முதலுக்காக 1917இல் சுப்பீரியர் நகரில் மையக் கூட்டுறவு நிறுவனம் ஒன்று தோன்றியது. 1929–30இல் பொதுவுடைமைக் கட்சிச் சார்பு குறித்து அவ்வியக்கம் இரண்டாகப் பிளந்தது. ஆயினும் கடன், மாவு, விதை, கூட்டம், நாடகம், நடனம் ஆகிய அனைத்தும் நடைபெறும் இடமாகக் கூட்டுறவு விளங்கியது. போலந்தியர் ஊர்களில் திருச்சபைப் பங்கு வகித்த இடத்தை ஃபின்லாந்தியர் ஊர்கள் பலவற்றில் கூட்டுறவு வகித்தது எனலாம்.

8. ஏர் பின்வாங்கியமை

1920களில் வேளாண் விலை வீழ்ந்தது. வரி செலுத்தப்படாத நிலங்கள் பல இலட்சம் ஏக்கராகப் பெருகி, ஏலத்திலும் வாங்குவாரின்றிக் கவுண்டிகளின் கையிலேயே தங்கின. காட்டை மீட்க அரசு பொருள் செலவிடுவதற்கும் தடை இருந்தது. மாநிலத்தின் முதல் காட்டியல் அலுவலரான எட்வர்ட் கிரிஃபித் தொடங்கிய திட்டத்தை 1915இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1924இல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறிய பின்னரே வழி பிறந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைப் பயிராகக் கருதி வரிச்சலுகை அளித்தது.

1933இல் ஒனைடா கவுண்டி, அமெரிக்காவின் முதல் ஊரக நிலப் பாகுபாட்டு விதியை இயற்றியது. அதன்படி காட்டுப் பகுதி எனக் குறிக்கப்பட்ட இடத்தில் புதிதாகப் பண்ணை அமைப்பதும் ஆண்டு முழுதும் குடியிருப்பதும் தடுக்கப்பட்டன. இரண்டொரு வீடுகளுக்காகச் சாலையும் பள்ளியும் பேணும் செலவைத் தவிர்ப்பது அதன் நோக்கம். முன்பே இருந்தோர் நீடிக்கலாம் என்றாலும், தனித்திருந்த குடும்பங்கள் சிலவற்றின் நிலத்தை அரசு விலைக்கு வாங்கி வேறிடத்தில் அமர்த்தியது. வட கவுண்டிகள் பலவும் இம்முறையைப் பின்பற்றின. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கையேடு அச்சிட்டு அழைத்த அதே பொதுநிறுவனங்கள், இப்போது மக்களை அந்நிலத்திலிருந்து வெளியேற ஊக்குவித்தன. பல்கலைக்கழகத்தின் புதிய ஆய்வறிக்கைகளும் இம்மாற்றத்திற்குத் துணைநின்றன.

9. மெனாமினி காடு: ஓர் எதிர்ச்சான்று

காட்டை வெட்டித் தீர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்னும் வாதத்திற்கு இவ்வட்டாரத்திற்குள்ளேயே மறுப்பு உள்ளது. 1848ஆம் ஆண்டு ஒப்பந்தம் மெனாமினி மக்களை மின்னசோட்டாவுக்கு அகற்றக் கருதியது. தலைவர் ஒஷ்கோஷ் தலைமையில் அவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். 1854இல் உல்ஃப் ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒதுக்கீட்டு நிலம் கிடைத்தது. 1908இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம் ஆண்டு வெட்டளவை 2 கோடி பலகையடி என வரையறுத்தது. நியோபிட் ஊரில் அறுவை ஆலை அமைந்தது. அரசு அலுவலர்கள் இவ்வரம்பை எப்போதும் மதித்தனர் என்று கூறுவதற்கில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் இனக்குழு என்னும் ஏற்பையே பறித்தது. நெடிய போராட்டத்திற்குப் பின் 1973இல் அது மீட்கப்பட்டது.

இத்தனை இடர்களுக்கிடையிலும் 1854 முதல் அக்காட்டிலிருந்து 200 கோடி பலகையடிக்கும் மேல் மரம் எடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் இன்று அங்கு நிற்கும் மரத்தின் அளவு அவ்வாண்டில் இருந்ததற்குக் குறைந்ததன்று. சுற்றிலும் மரம் தீர்ந்து ஊர்கள் கலைந்தபோது, இங்கு ஆலையும் காடும் ஊரும் ஒருங்கே நீடித்தன. நிலம் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து விற்கப்படாமல் பொதுவுடைமையாக இருந்தமையே இதற்கு முதற்காரணம் எனக் கருதலாம்.

10. முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வட விஸ்கான்சின் குடியேறிகளின் பண்ணை, காட்டுக் கூலியையும் காட்டுச் சந்தையையும் சார்ந்தே வாழ்ந்தது. ஆகவே கோடரி ஏருக்கு முன்னோடியாக அமையவில்லை. கோடரி ஓய்ந்தபோது ஏரும் ஓய்ந்தது. இரண்டாவது, அக்குடியேறிகளின் தோல்வியை அவர்தம் சோம்பலாலோ அறியாமையாலோ விளைந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. நிலத்தின் இயல்பை மறைத்த அழைப்பும், கடனும், மூடிய ஆலைகளும் அதற்குக் காரணங்கள். அவர்கள் நிலத்தில் நிலைநாட்டியதை விட ஒருவரோடொருவர் நிலைநாட்டிய கூட்டுறவே நீடித்தது.

மூன்றாவது, இவ்வரலாறு முடிந்துபோனதன்று. 1837, 1842 ஒப்பந்தங்களில் ஒஜிப்வே மக்கள் காத்துக்கொண்ட வேட்டை, மீன்பிடி உரிமைகள் இன்றும் செல்லும் எனக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் ஒஜிப்வே மீனவருக்கு எதிராக ஏரித்துறைகளில் எதிர்ப்புக் கூட்டங்கள் திரண்டன. தம் பாட்டனார் ஆளற்ற காட்டைத் திருத்தினர் என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அக்காட்டிற்கு முன்னரே உரிமையாளர் இருந்தனர் என்னும் செய்தி புதிதாகத் தோன்றியது. ஊர் வரலாற்றை முதற்குடியேறியின் வருகையிலிருந்து தொடங்கி எழுதும் மரபுக்கு இவ்விளைவில் பங்குண்டு. அதனை ஒப்பந்த ஆண்டுகளிலிருந்து தொடங்கி எழுதும்போது, குடியேறிகளின் உழைப்பு சிறுமையடைவதில்லை. அவ்வுழைப்பு எத்தகைய நிலத்தின்மேல், யார் கூறிய சொல்லை நம்பிச் செலவிடப்பட்டது என்பது விளங்குகிறது.